அளவுநாடாவில் அடங்காத புழு

ரிப்பன் புழுவைப் பற்றி நிலவும் கருத்து இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். உலகிலேயே நீளமான விலங்கு அதுதான், 55 மீட்டர், நீலத் திமிங்கிலமே அதனிடம் தோற்றுவிடும். அந்த நீளத்தைக் கழித்துவிட்டாலோ மிச்சம் ஒன்றுமில்லை. பரிணாம ஏணியின் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்ட வழவழப்பான சதைப்பட்டை. முதல் வாக்கியத்தைப் பொது அறிவுத் துணுக்குகள் வளர்க்கின்றன. இரண்டாவதைப் பழைய விலங்கியல் பாடநூல்கள் வளர்த்தன. இடையிடையே, உள்ளங்கையில் கிடக்கும் புழு ஒன்று கிளைகிளையாக வெள்ளை நிறத்தில் எதையோ கக்கும் காணொளி சுற்றுக்கு வரும், வேற்றுக்கிரகத்து உயிர் என்று நாலு பேர் எழுதுவார்கள், அதோடு சரி. முதல் வாக்கியத்துக்குச் சான்று போதாது, இரண்டாவது முழுத் தவறு என்பதே என் வாதம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனிதக் குடலில் ஒட்டுண்ணியாக வாழும் நாடாப்புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரிப்பன் புழுக்கள் நெமெர்டியா என்ற தனித் தொகுதி. இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 1,300 இனங்கள். பெரும்பாலானவை கடலில் இரை தேடித் திரியும் ஊனுண்ணிகள்.

நீளத்திலிருந்தே தொடங்குவோம். 55 மீட்டர் என்ற எண்ணுக்கு ஆதாரம் ஒரே ஒரு புழு. 1864-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கடும் புயலுக்குப் பின், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கியது; லினியஸ் லாஞ்சிசிமஸ் என்ற இனம். அதை ஆராய்ந்த வில்லியம் மக்கின்டாஷ் 1870-களில் வெளியான தம் பெருநூலில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஜாடியில் சுருண்டு கிடந்த உடலை மெல்லப் பிரித்து, அறுபடாமல் 30 கஜம் வரை அளந்திருக்கிறார். அதாவது 27 மீட்டருக்குச் சற்று மேல். அப்போதும் பாதிகூடப் பிரிந்தபாடில்லை. பின்வந்தவர்கள் அந்த 27-ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டார்கள், 55 பிறந்தது. அளந்தது பாதி, ஊகித்தது பாதி. மக்கின்டாஷ் கவனமான ஆய்வாளர். அவர்மேல் பழி இல்லை. அவர் எழுதாத எண்ணை அவர் தலையில் கட்டியவர்கள்மேல்தான் பழி. அதே இனம் பிரிட்டன், நார்வே கரைகளில் கற்களுக்கு அடியிலும் கடற்பாசியின் பற்றுவேர்களுக்கு இடையிலும் இன்றும் கிடைக்கிறது. கிடைப்பவை பெரும்பாலும் 5 முதல் 10 மீட்டர் நீளம்; அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. இந்த விலங்குக்கு நிலையான நீளம் என்று ஒன்று கிடையாது. 1958-இல் கிளார்க், கவ்வி என்ற இரு விலங்கியலாளர்கள் இதன் உடற்சுவரை வடிவக்கணிதமாகவே பிரித்துக் காட்டினார்கள். தோலுக்கு அடியில், நீளாத இழைகள் இடச்சுற்றாகவும் வலச்சுற்றாகவும் உடலைச் சுற்றி ஓடி ஒன்றையொன்று வெட்டுகின்றன. புழு நீளும்போது இழை நீளாது. இழைகள் வெட்டிக்கொள்ளும் கோணம்தான் மாறும். இழைகள் உடலின் அச்சோடு ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் இருக்கும்போது அந்த வலை மிக அதிகக் கொள்ளளவைத் தரும். ஆனால் புழுவின் உடலுக்குள் இருக்கும் சரக்கு அதைவிடக் குறைவு. ஆகவே நடுநிலையில் புழு தட்டையாகிவிடுகிறது. முழுக்க நீண்டாலும் முழுக்கச் சுருங்கினாலும் உருளையாகிறது. பட்டையாக இருப்பது உருவத்தின் ஏழ்மை என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எவ்வளவு தட்டையோ அவ்வளவு நீள இடம் இருக்கிறது. தளர்ந்த தசையோடு கரையொதுங்கிய ஒரு புழுவைக் கையால் பிரித்து அளந்தால் கிடைப்பது அந்த வலை எவ்வளவு இழுபடும் என்பதற்கான அளவு. உயிரோடு ஊர்ந்தபோது அது எவ்வளவு நீளம் என்பதை அந்த அளவிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு சாதனை எண் சற்றே மிகைப்பட்டால் யாருக்கு நட்டம், அதனால்தானே பத்துப் பேருக்கு இந்தப் பெயராவது தெரிகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் அதற்குமேல் எதுவும் தெரிவதில்லை என்பதே என் குறை. மிகப் பெரும்பாலான ரிப்பன் புழுக்கள் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை மட்டுமே நீளம் உள்ளவை. ஒரே ஒரு இனத்தின் ஒரே ஒரு பிரேதத்தை வைத்து ஒரு தொகுதி முழுவதையும் அறிமுகப்படுத்தினால், சிறியவையெல்லாம் கணக்கிலேயே வராமல் போகும். கடலில் அதிகம் வேலை செய்பவை அந்தச் சிறியவைதான்.

இனி இரண்டாவது வாக்கியம். 'கீழ்ப்படி உயிர்' என்ற கருத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரிப்பன் புழுவின் உறுப்புகளுக்கு இடையில் வெற்றிடம் இல்லை; சதைத்திசு அடைத்துக்கொண்டிருக்கிறது. மண்புழுவுக்கு உள்ளதுபோன்ற உடற்குழி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தட்டைப்புழுக்களோடு சேர்த்து, ஆனால் அவற்றுக்கு ஒரு படி மேலே, ஏனென்றால் இதற்கு வாயும் தனியாக மலவாயும் இருக்கின்றன, குருதி நாளங்களும் இருக்கின்றன என்று கணக்குப் போட்டார்கள். முதுகெலும்பற்றவை பற்றி லிபி ஹைமன் எழுதிய பெருநூல் வரிசையில் 1951-இல் வந்த இரண்டாம் தொகுதி, தட்டைப்புழுக்களையும் ரிப்பன் புழுக்களையும் உடற்குழியற்றவை என்ற ஒரே கூரையின்கீழ் வைத்தது. ஹைமனின் கையில் இருந்த சான்றுகளுக்கு அது நேர்மையான முடிவு. அதன்பின் வந்த பாடநூல்கள் அதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை, மரபாக எடுத்துக்கொண்டன, கோளாறு அங்கேதான். இல்லாத உறுப்புகளின் பட்டியலால் ஒரு விலங்கை விளக்கும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. இதயம் இல்லை, கண்டங்கள் இல்லை, செவுள் இல்லை. சரி, என்ன இருக்கிறது?

துதிக்கை இருக்கிறது. மற்றப் புழுக்கள் பலவற்றில் இரை பிடிக்கும் உறுப்பு உணவுக்குழலின் ஒரு பகுதி. இங்கே அது குடலோடு ஒட்டாமல், குடலுக்கு மேலே, திரவம் நிறைந்த தனி அறையில் சுருண்டு கிடக்கிறது. அறையின் சுவர்த்தசை இறுகியதும் திரவத்தின் அழுத்தம் துதிக்கையைத் தள்ளும். சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவதைப்போல அது புரண்டு, நொடிக்குள் வெளியே பாயும். உள்ளே இழுத்துக்கொள்ள அதன் கடைசியில் ஒரு தசை. ஒரு பிரிவு இனங்களில் துதிக்கையின் நடுவே கால்சியம் பாஸ்பேட்டாலான ஊசி ஒன்று இருக்கிறது. புரண்டு வரும்போது அது நுனிக்கு வந்து இரையைக் குத்தும், குத்திய புண்ணில் நஞ்சு இறங்கும். அந்த ஊசி முறிந்தால் என்ன செய்வது? பக்கத்துப் பைகளில் மாற்று ஊசிகள் தயாராக வளர்ந்துகொண்டிருக்கும். லினியஸ் போன்ற ஊசியற்றவை இரையைச் சுற்றி வளைத்து ஒட்டும் நஞ்சுக் கோழையால் மடக்குகின்றன. காணொளியில் கிளைகிளையாக வெளிவந்ததும் இதே உறுப்புதான். கார்கனோரிங்கஸ் என்ற பேரினத்தில் துதிக்கை கிளைத்திருக்கும். பயந்த புழு தன் ஆயுதத்தை வீசிய காட்சியைத்தான் நாம் வாந்தி என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூளைகூட இந்த ஆயுதத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது: மண்புழுவிலும் பூச்சியிலும் உணவுக்குழலைச் சுற்றும் நரம்பு வளையம், இங்கே துதிக்கையைச் சுற்றுகிறது.

அந்தத் திரவ அறை வெறும் பை தானா? 1980-களின் நடுவில் டர்பெவில், ரூப்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் உட்சுவரும் குருதி நாளங்களின் உட்சுவரும் உண்மையான உடற்குழியின் சுவரைப் போலவே அமைந்திருப்பது தெரிந்தது. நாளங்கள் கருவில் உருவாகும் முறையும் அதையே காட்டியது. உடற்குழி அற்றுப்போகவில்லை, வேட்டைக்கும் குருதி ஓட்டத்துக்கும் ஏற்ப உருமாறியிருக்கிறது. 1992-இல் ரைபோசோம் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது ரிப்பன் புழு தட்டைப்புழுவின் பக்கத்தில் நிற்காமல், மண்புழு, நத்தை முதலியவற்றின் கூட்டத்தில் போய் நின்றது. 2004-இல் கரினோமா என்ற பழைய கிளையைச் சேர்ந்த புழுவின் லார்வாவில், வளைதசைப்புழுக்களுக்கும் மெல்லுடலிகளுக்கும் பொதுவான நீந்தும் மயிர்வளையத்தின் எச்சம் கண்டறியப்பட்டது. சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழ்ந்த கணவாயின் முன்னோருக்கும் இதற்கும் உள்ள உறவு, தனி மலவாய் இல்லாத தட்டைப்புழுவுக்கும் இதற்கும் கற்பிக்கப்பட்ட உறவைவிட உறுதியானது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: மரபணு மரங்கள் இன்னும் முடிவாகவில்லையே? உண்மை. ரிப்பன் புழுக்களின் மிக நெருங்கிய உறவு யார் என்பதில் ஒரு ஆய்வு ஒரு பெயரையும் மறு ஆய்வு இன்னொரு பெயரையும் சொல்கிறது. 2018-இல் நோட்டோஸ்பெர்மஸ் என்ற ரிப்பன் புழுவின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டவர்கள், ஃபோரோனிட், விளக்குச்சிப்பி என்ற கடலுயிர் வகைகளை அருகில் வைத்தார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் சண்டை எந்தக் கிளையில் என்பது பற்றியது. தட்டைப்புழுவுக்கும் மண்புழுவுக்கும் நடுவே போட்ட ஒற்றைப் படிக்கட்டில் இதை உட்காரவைக்கலாம் என்று இந்தச் சண்டையில் யாரும் வாதாடவில்லை.

துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளர்கிறதே, அது கீழ்நிலை உயிரின் இலக்கணம்தானே என்பது அடுத்த வாதம். லினியஸ் சாங்குனியஸ் என்ற இனம் அப்படி வளர்வது மெய். சின்னஞ்சிறு துணுக்கிலிருந்துகூட அது தலையோடு மீண்டு வரும். ஆனால் அதன் உறவினங்கள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை. 2019-இல் இந்தத் தொகுதியின் பல இனங்களை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வின் முடிவு வழக்கமான நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. இழந்த தலையை வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் பெரும்பாலான ரிப்பன் புழுக்களுக்கு இல்லை. அவற்றின் பொது முன்னோருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. சில கிளைகள் தனித்தனியே பிற்காலத்தில் அதைப் பெற்றிருக்கின்றன. ஆதியின் எச்சம் என்று நாம் காட்டிய பண்பே புதிய வரவாக இருக்கிறது. 'மிகப் பழைய' என்ற அடைமொழிக்குத் தொல்லுயிர்ச் சான்றும் துணை நிற்காது. எலும்பில்லாத, ஓடில்லாத இந்த உடல் பாறையில் பதிவது அரிது. ரிப்பன் புழு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பர்ஜஸ் ஷேல் பாறையடுக்கின் தொல்லுயிர் அமிஸ்க்வியா இப்போது வேறு கூட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது.

கடைசி அரண் ஒன்று மிச்சம். 'இருக்கட்டும், சிக்கலான உடல்தான். ஆனால் அரிதான, ஒதுக்குப்புறத்து உயிர். கடலின் கணக்கில் அது எங்கே வருகிறது?' அரிது என்ற முடிவு நம் வலையின் முடிவு. இவை இரவில் வேட்டையாடும். பகலில் கல்லுக்கடியில், சேற்றில், சிப்பிக் கொத்துக்குள் மறைந்திருக்கும். கையில் எடுத்தால் அறுந்துபோகும். ஃபார்மலினில் போட்டால் சுருங்கி, நிறமும் கண்புள்ளிகளும் போய், இன்ன இனம் என்று சொல்ல முடியாத கட்டியாகிவிடும். அதனால்தான் கடலடி உயிர்க் கணக்கெடுப்புகளில் எல்லா இனங்களும் 'நெமெர்டியா' என்ற ஒரே வரியில் அடங்கிப்போகின்றன. பத்து இனத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, ஒரு வரிதானே இருக்கிறது என்பது என்ன நியாயம்? அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஸ்வெட்லானா மஸ்லகோவாவும் உடன் ஆய்வாளர்களும் மிதவை லார்வாக்களின் மரபணுவைப் படித்தபோது, அந்தக் கரையில் முதிர்ந்த நிலையில் யாரும் கண்டிராத இனங்கள் பல வெளிப்பட்டன.

வாழிடங்களைப் பார்த்தால் ஒதுக்குப்புறம் என்ற சொல்லே நிற்காது. அண்டார்ட்டிகாவின் உறைகடல் அடியில் பார்போர்லேசியா கொருகேட்டஸ் இறந்த உடல்களைக் கூட்டமாகச் சூழ்ந்து தின்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், தனிச் சுவாச உறுப்பு இல்லாமல் தோலாலேயே மூச்சு விடும், அதன் கோழை அமிலமானது என்பதால் மீன்கள் தொடுவதில்லை. ஆழ்கடலின் இருளில் தரையையே தொடாமல் மிதந்தும் நீந்தியும் வாழ்பவை ஏறத்தாழ நூறு இனங்கள். மாலகோப்டெல்லா சிப்பிக்குள் குடியிருந்து, உள்ளே வரும் நீரிலிருந்து மிதவையுயிர்களை உண்கிறது. முதலில் அதை விவரித்தவர் அட்டை என்றே நினைத்தார். புரோஸ்டோமா நன்னீரில். ஜியோனெமெர்டெஸ் நிலத்தில், ஈர இலைச்சருகுக்குள். வட அமெரிக்க அட்லாண்டிக் கரையின் செரிப்ராட்டுலஸ் லாக்டியஸ், சேற்றில் புதைந்த கத்திச்சிப்பியைக் கீழிருந்து வந்து தின்னும். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அதன் நரம்புகள் ஓயாமலிருக்க, நரம்பணுக்களுக்குள்ளேயே ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது. 109 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட, மிகச் சிறிய ஹீமோகுளோபின்களில் ஒன்று.

கடலின் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் பசிபிக் கரையில் டஞ்ஜனஸ் நண்டு பெரும் வணிகம். அதன் ஓட்டு இடுக்குகளில் கார்சினோனெமெர்டெஸ் எர்ரான்ஸ் என்ற சில மில்லிமீட்டர்ப் புழு ஒட்டிக் காத்திருக்கிறது. ஆண் நண்டின்மேல் இருப்பவை இணைசேரும் வேளையில் பெண் நண்டுக்கு மாறுகின்றன. பெண் நண்டு முட்டையிட்டு வயிற்றின்கீழ்த் தாங்கியதும் அத்தனையும் முட்டைக்கொத்துக்குள் இறங்கி, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி உறிஞ்சுகின்றன. கலிபோர்னியாவின் போடேகா கடல் ஆய்வகத்தில் டேனியல் விக்காம் 1970-களில் கணக்கிட்டபோது, நடுக் கலிபோர்னியாவில் முட்டைகளில் ஏறத்தாழ பாதி இந்தப் புழுவுக்கே இரையாவது தெரிந்தது. 1960-ஐ ஒட்டி அங்கே நண்டுப்பாடு சரிந்து நெடுங்காலம் மீளாமல் போனதற்கு இதுவும் காரணம் என்றார் அவர். கடல்நீரின் வெப்பமும் நீரோட்டமுமே காரணம் என்று மறுத்தவர்கள் உண்டு. அந்த மறுப்பிலும் பொருள் இருக்கிறது, ஒரு மீன்வளம் ஒற்றைக் காரணத்தால் வீழ்வதில்லை. ஆனால் முட்டைகள் பாதி தின்னப்பட்டதை அந்த மறுப்பு மறுக்கவில்லை. 1980-களின் நடுவில் அலாஸ்காவின் சில குடாக்களில் சிவப்பு ராஜநண்டின் முட்டைக்கொத்துகள் இதே பேரினப் புழுக்களால் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்திருந்தன. 55 மீட்டர்ப் புழுவைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சில மில்லிமீட்டர்ப் புழுவைத் தெரியும்?

நிலத்தில் நடந்தது இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் தீவில் காரணங்களைப் பிரித்தறிவது எளிது. ஜப்பானின் ஒகாசவாரா தீவுகள் 2011 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அங்கே சருகு மண்ணில் நிறைந்திருந்த சிறு ஓட்டுடலிகள், சருகைத் தின்று மண்ணாக்குபவை, பரந்த பகுதிகளில் காணாமல் போயின. வெளியிலிருந்து வந்து 1980-களில் அங்கே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜியோனெமெர்டெஸ் பெலென்சிஸ் என்ற நில ரிப்பன் புழுதான் காரணம் என்று 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். புழு பரவிய இடங்களில் ஓட்டுடலிகள் இல்லை. ஆய்வகத்தில் அவற்றோடு விட்டால் புழு அவற்றை வேட்டையாடுகிறது. கொல்லும் உயிர்களின் பட்டியலில் எலியையும் எறும்பையும் தேடுகிறவர்கள், சருகுக்கடியில் கிடக்கும் இந்த வழவழப்பான பட்டையை முதலில் சந்தேகிப்பதில்லை. 'அற்ப உயிர்' என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதே.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாக. மிகைப்படுத்தல் இந்தப் பக்கத்திலும் நடக்கிறது. பாரனெமெர்டெஸ் என்ற புழுவிலிருந்து வில்லியம் கெம் 1971-இல் அடையாளம் கண்ட அனபசீன் நஞ்சிலிருந்து உருவாக்கிய மூலக்கூறு ஒன்று, அல்சைமர், மனச்சிதைவு நோய்களுக்கான மருத்துவச் சோதனை வரை போனது, மருந்துக்கடைக்கு வரவில்லை. லினியஸ் லாஞ்சிசிமஸின் கோழையில் 2018-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்ட நெமெர்டைடு புரதங்கள், நண்டு, கரப்பான் போன்றவற்றின் நரம்பணுச் சோடிய வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. பாலூட்டிகளிடம் அந்த வேகம் மிகக் குறைவு. பூச்சிக்கொல்லி ஆய்வுக்கு அது ஒரு கதவு, அவ்வளவே. ஜப்பானின் ஹிரோஷிமா குடாவில் வளர்க்கும் சிப்பிகளின்மேல் ஊரும் கெபலோத்ரிக்ஸ் புழுவிலோ, பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு மிகச் செறிவாக இருக்கிறது. சிப்பி வளர்ப்போருக்கு இதெல்லாம் வேடிக்கைச் செய்தி ஆகாது.

நம் பக்கம் திரும்பினால் ஒரு விசித்திரம். மரபியல் பாடத்தில் மேல்நிலை மாணவர் ஒவ்வொருவரும் கட்டம் போடும் புன்னட் சதுரத்தின் ஆர்.சி. புன்னட், மெண்டலியத்துக்கு வருமுன் ரிப்பன் புழு ஆய்வாளர். மாலத்தீவு, லட்சத்தீவுக் கடல்களின் ரிப்பன் புழுக்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர் அவர். அவர் சதுரம் நம் பாடநூலில் இருக்கிறது. அவர் புழு அங்கே இல்லை, நெமெர்டியா என்ற தொகுதியின் பெயரே இல்லை. ஆஸ்திரேலியாவின் மோர்டன் குடாவில், நம் பாக் நீரிணையில் பிடிபடும் நீலக்கால் நண்டின் நெருங்கிய உறவினத்தின் முட்டைக்கொத்திலும் கார்சினோனெமெர்டெஸ் பதிவாகியிருக்கிறது. ஆகவே நம் கடல் உயிரியல் துறைகளிலும் மீன்வள ஆய்வகங்களிலும் நண்டு முட்டைகளை எண்ணுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொத்தை ஃபார்மலினில் போடும் முன் உயிரோடு நுண்ணோக்கியில் பாருங்கள். புழு இருந்தால் நிறத்தோடு படம் எடுங்கள், ஒரு துணுக்கை மரபணு ஆய்வுக்காக ஆல்கஹாலில் தனியே வையுங்கள், எத்தனை புழு, எத்தனை வெற்று முட்டைக்கூடு என்று எண்ணி எழுதுங்கள். நீளத்தை அளக்க வேண்டியதில்லை.